செவிமடுக்கும் அறை: பினாங்கில் மனத்துயர் ஆற்றிய வரலாறு

நம் நாட்டில் ஒருவரைப் பித்தர் என இழித்துரைக்க நீண்ட வாக்கியம் தேவைப்படுவதில்லை. பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைச் சொன்னாலே போதும். தஞ்சோங் ரம்புத்தான் என்னும் அப்பெயர் மூவினத்தார் பேச்சிலும் வசைச்சொல்லாகவே வழங்கி வந்திருக்கிறது. 1911 ஆம் ஆண்டில் அவ்வூரில் ஆங்கிலேயர் திறந்த மனநோய் மருத்துவமனையே அதற்குக் காரணம். பின்னாளில் அம்மருத்துவமனைக்குப் 'பாகியா' எனப் பெயர் சூட்டினர். மகிழ்ச்சி என்பது அம்மலாய்ச் சொல்லின் பொருள். நாம் 'பாக்கியம்' என்று வழங்கும் வடசொல்லே அதற்கும் மூலம். பெயர் மாறியது, வசை மாறவில்லை.

மனம் கலங்கினால் அவ்வூருக்கு இரயிலேற்றி விடுவர் என்னும் அச்சம் நிலவிய காலத்தில், தம் மனநிலையைப் பற்றி யார்தாம் வாய் திறப்பர்? அறிவு தெளிந்தவர், அறிவு கலங்கியவர் என இரண்டே வகுப்பினரை அக்காலச் சமுதாயம் அறிந்திருந்தது. இவ்விரு வகுப்பிலும் சேராதவர் ஒரு பெருங்கூட்டம். விளக்கணைத்த பின்னும் உறக்கமின்றி விட்டத்தை நோக்கிக் கிடக்கும் தாய். கணவனின் காலடியோசை கேட்டதும் கை நடுங்கும் மனைவி. தேர்வு நாளன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிப் படியிலேயே அமர்ந்துவிடும் பதின்மூன்று வயதுச் சிறுமி. இவர்கள் பித்தர் அல்லர். நலமாக இருப்பவரும் அல்லர். இவர்களுக்குச் செவிகொடுக்கும் இடம் பினாங்கில் எவ்வாறு தோன்றியது, அங்கே இவர்கள் எம்மொழியில் பேச முடிகிறது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

1786 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இத்தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மனநோயாளருக்கென ஒரு காப்பகம் இருந்தது. காப்பகம் என்பதினும் காவற்கூடம் என்பதே அக்காலத்து இத்தகைய இல்லங்களுக்குப் பொருந்தும் பெயர். 1950களில் குளோர்புரோமசின் முதலிய மருந்துகள் உலகெங்கும் புழக்கத்துக்கு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கிற்று. அப்பத்தாண்டின் இறுதியில் பினாங்குப் பொது மருத்துவமனையிலேயே மனநோய்ப் பிரிவு ஒன்று அமைந்தது. பொது மருத்துவமனை ஒன்றினுள் இத்தகைய பிரிவு அமைந்தது இந்நாட்டில் அதுவே முதன்முறை. காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் போகும் அதே வாயில் வழியாக மனநோய்க்கும் போகலாம் என்னும் நிலை வந்தது சிறிய மாற்றமன்று. ஆயினும் அப்பிரிவும் நோய் முற்றியவர்க்கே பயன்பட்டது. 1952 ஆம் ஆண்டின் மனநோயாளர் சட்டமும் ஒருவரை எவ்வாறு அடைத்து வைப்பது, எவ்வாறு விடுவிப்பது என்பதைப் பற்றியே பெரிதும் பேசிற்று. உறங்காத தாயைப் பற்றி அச்சட்டம் என்ன சொல்லும்?

தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு வேறு வழிகள் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, பால்மரம் வெட்டி, லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டியவள் ஒரு நாள் திடீரென மயங்கி விழுந்தால், அல்லது காரணமின்றி அழத் தொடங்கினால், வேப்பிலை அடித்தனர். மந்திரித்துத் தாயத்துக் கட்டினர். சாமியாடியிடம் குறி கேட்டனர். இவற்றை மூடநம்பிக்கை என ஒரே சொல்லில் ஒதுக்குவது படித்தவர்க்கு எளிது. அப்பெண்ணைச் சுற்றி உறவினர் கூடினர் என்பதையும், அவளுடைய துயரம் அன்றிரவு ஊரறிய ஏற்கப்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் பால்குடம் சுமக்கும் பெண்களின் முகத்தைக் கூர்ந்து நோக்கியவர், நேர்த்திக்கடன் எத்தகைய பாரத்தை இறக்கி வைக்கிறது என்பதை அறிவர். குறை வேறோரிடத்தில் இருந்தது. அவளைப் பிடித்தது எந்தப் பேய் என்று பலர் கேட்டனர். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று அவளிடமே கேட்டவர் அரியர்.

தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன பிறகும் இக்குறை தீரவில்லை. 1972 ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிக வட்டாரம் தோன்றிற்று. மின்னணுத் தொழிற்சாலைகள் பதினெட்டு, இருபது வயதுப் பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த அப்பெண்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியின் முன்னே கண் கடுக்க அமர்ந்து, முறை மாற்றி இரவும் பகலும் உழைத்தனர். அக்காலத்தில் நாட்டின் பல தொழிற்சாலைகளில் பெண்கள் கூட்டமாக அலறி மயங்கும் நிகழ்ச்சிகள் நடந்தன. சிலாங்கூரின் சுங்கைவேயில் இருந்த ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் 1978 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 120 பெண்கள் இவ்வாறு பாதிக்கப்பட்டனர்; ஆலை மூன்று நாள் மூடப்பட்டது; போமோ ஒருவரை அழைத்து ஆடு பலியிட்டனர். பினாங்கில் பிறந்த மானிடவியல் அறிஞர் ஐவா ஓங் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, வாய்விட்டுச் சொல்ல இயலாத எதிர்ப்பே பேயின் உருவில் வெளிப்பட்டது என விளக்கினார். அவ்விளக்கத்தை முழுமையாக ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். கட்டடத்துக்குப் பரிகாரம் செய்தவர்கள் அப்பெண்களை ஒவ்வொருவராக அமர்த்தி, “உனக்கு என்னம்மா கவலை?” என்று கேட்டிருக்கலாம் என்பதே நமக்குத் தோன்றுவது.

கேட்பதும் சொல்வதும் மருந்தாகுமா என ஐயுறுவோர் இன்றும் உளர். அவ்வையத்தைத் தீர்க்கச் சற்றே கடல் கடந்து செல்ல வேண்டியுள்ளது.

பேச்சே மருந்து என்னும் கருத்துக்குப் பெயர் சூட்டியவர் மருத்துவர் அல்லர். துயருற்ற ஒரு பெண். பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் வியன்னா நகரத்து நங்கை, நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துவந்த காலத்தில், 1880 ஆம் ஆண்டில், தம் 21 ஆம் வயதில் தாமும் நோயுற்றார். கை கால் மரத்தன. தாய்மொழியாகிய செருமன் நாவில் வராமற் போய், ஒரு காலம் ஆங்கிலத்திலேயே பேசினார். யோசேப் புரோயர் என்னும் மருத்துவர் நாள்தோறும் அருகமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டார். சொல்லச் சொல்ல நோய்க்குறிகள் தணிவதைக் கண்ட அப்பெண்ணே அதற்குப் 'பேச்சு மருத்துவம்' என்று பெயரிட்டார். புரோயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் 'அன்னா ஓ.' என்னும் மறைபெயரால் இடம்பெற்றார். அச்சிகிச்சையால் அவர் முற்றும் குணமடைந்தார் என்று சொல்வது மிகை. அதன் பின்னரும் மருத்துவ இல்லங்களில் தங்க நேர்ந்தது. ஆனால் அதே பெண் பிற்காலத்தில் கைவிடப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லம் அமைத்து, 1904 ஆம் ஆண்டில் செருமனியில் யூதப் பெண்கள் சங்கத்தையும் நிறுவினார். மனம் கலங்கியபோது தாய்மொழி மறைந்தது என்பதும், பேச்சாலேயே அக்கலக்கம் தணிந்தது என்பதும் மொழியாசிரியராகிய நாம் ஆழ்ந்து எண்ணத்தக்கன.

அச்சத்தைப் படிப்படியாகப் போக்கலாம் என்று காட்டியவரும் ஒரு பெண்ணே. முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்னும் மூன்று வயதுச் சிறுவனுக்கு, மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார், அவன் விரும்பும் உணவை உண்ணக் கொடுத்துக்கொண்டே முயற்கூண்டை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முடிவில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். 1924 ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வே இன்றைய பதற்ற மருத்துவத்தின் வேர்களுள் ஒன்று. 1960களில் ஆரன் பெக் என்பார் இதனோடு மற்றொன்றைச் சேர்த்தார். மனத்தில் மின்னலென ஓடும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அது மெய்தானா என்று வினவும் பழக்கமே அது.

இம்முறைகள் நடைமுறையில் எவ்வாறு உதவுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க அஞ்சும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். “நான் பிழையாக வாசித்தால் எல்லாரும் சிரிப்பார்கள், நான் எதற்கும் ஆகாதவள்” என்பது அவள் எண்ணம். நெஞ்சு படபடக்கிறது, ஆகவே வாசிக்காமல் தப்பித்துக்கொள்கிறாள், தப்பியதும் படபடப்புத் தணிகிறது. தப்புவதே நலம் என்று உடல் கற்றுக்கொள்வதால், மறுநாள் அச்சம் இரட்டிக்கிறது. ஆலோசகர் அவளுக்கு அறிவுரை கூறுவதில்லை; “பயப்படாதே” என்றும் சொல்வதில்லை. மூச்சை மெதுவாக வெளிவிடப் பழக்குகிறார். எழுந்த எண்ணத்தை ஏட்டில் எழுதச் செய்கிறார். முதலில் தனியறையில் வாசிப்பு, அடுத்து ஒரு தோழியின் முன், பின்னர் நால்வர் முன் எனப் படியமைக்கிறார். வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம். சொல்லப்பட்டது வெளியே செல்லாது என்னும் உறுதியும் உண்டு. உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் மட்டுமே அவ்வுறுதி தளரும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அவளுக்கே உரியது என்பதுதான் புதுமை. நம் வீடுகளில் ஒரு பெண்பிள்ளைக்கு இடையூறின்றி ஒரு மணி நேரம் கிடைப்பது எத்துணை அரிது!

செவிகொடுக்க மருத்துவரே வேண்டும் என்பதில்லை என்று காட்டியது இலண்டன் மாநகர். சாட் வாரா என்னும் பாதிரியார் 1935 ஆம் ஆண்டில் நடத்தி வைத்த முதல் இறுதிச் சடங்கு ஒரு சிறுமியினுடையது. பூப்பெய்தியதைக் கொடிய நோயெனத் தவறாக எண்ணி, கேட்டறிய ஒருவருமின்றி அச்சிறுமி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள் என்று அவரே பிற்காலத்தில் கூறினார். அந்நினைவே 1953 ஆம் ஆண்டில் அவரைத் தொலைபேசி வழி செவிகொடுக்கும் தொண்டைத் தொடங்கச் செய்தது. அத்தொண்டின் மரபில் 1970 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் 'பிஃபிரெண்டர்ஸ்' அமைப்பு தோன்றிற்று. பின்னர்ப் பினாங்கிலும் அமைந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் பெயர் கேட்காமல், தீர்ப்புரைக்காமல் செவிமடுக்கின்றனர்.

பினாங்கு வரலாற்றில் 1985 ஆம் ஆண்டைத் தனியே குறிக்க வேண்டும். பெண்களுக்கு எதிரான வன்முறையைக் கண்டித்து நாட்டின் பெண்கள் அமைப்புகள் ஒன்றுதிரண்ட ஆண்டு அது. அவ்வாண்டிலேயே பினாங்கில் 'பெண்கள் நெருக்கடி மையம்' பிறந்தது. மாற்றத்திற்கான பெண்கள் மையம் எனப் பின்னர்ப் பெயர் மாற்றிக்கொண்டு, இன்றும் ஜார்ஜ்டவுனில் அது பணியாற்றி வருகிறது. அடிபட்ட மனைவியரும் மானபங்கமுற்ற பெண்களும் வந்து பேச அங்கே ஓர் அறை இருந்தது, கட்டணம் இல்லை.

மருத்துவமனை வழியாக அன்றி, வன்முறை எதிர்ப்பின் வழியாக இவ்வறை பினாங்குக்கு வந்ததை நான் தற்செயல் எனக் கருதவில்லை. கணவனின் காலடியோசைக்கு நடுங்கும் பெண்ணின் நடுக்கம் அவளுடைய எண்ணப் பிழையன்று. அது மெய்யான ஆபத்தைக் கண்ட உடலின் அறிவு. அவளுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் கற்றுக்கொடுத்து மீண்டும் அவ்வீட்டுக்கே அனுப்புவது மருத்துவமாகாது. பாதுகாப்பு ஆணை வேண்டும். தங்க இடம் வேண்டும். நீதிமன்றப் படியேறும்போது உடன்வர ஒரு துணை வேண்டும். இவற்றோடு சேர்ந்தபோதுதான் ஆலோசனைக்குப் பொருள் உண்டாயிற்று. பெண்கள் அமைப்புகளின் நெடிய போராட்டத்தால் குடும்ப வன்முறைச் சட்டம் 1994 ஆம் ஆண்டில் நிறைவேறி, 1996 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தம், உள்ளத்துக்கு இழைக்கப்படும் கொடுமையையும் வன்முறையெனச் சேர்த்துக்கொண்டது. உடலில் தழும்பில்லாத காயத்தைச் சட்டம் காணத் தொடங்கியதற்கு, அவ்வறைகளில் பெண்கள் சொன்ன சொற்களும் ஒரு காரணம் என்பேன்.

இனிப் பள்ளிக்கு வருவோம். 1964 ஆம் ஆண்டிலேயே ஒவ்வொரு பள்ளியிலும் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் எனக் கல்வியமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. ஏட்டில் இருந்த அப்பதவி, பல பள்ளிகளில் முப்பது பாடவேளை கற்பிக்கும் ஒருவரின் தோளில் கூடுதலாக ஏற்றப்பட்ட சுமையாக இருந்தது. இடைநிலைப்பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசக ஆசிரியர் என்னும் ஏற்பாடு 1996 ஆம் ஆண்டில்தான் வந்தது. 1998 ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், பதிவு பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம் என வரையறுத்தது. ஆசிரியப் பயிற்சியில் எம் தலைமுறையினர்க்கும் உளவியல் ஒரு பாடமாக இருந்தது. பியாஜேயின் படிநிலைகளை வரிசை பிறழாமல் ஒப்பித்தோம். அழும் பிள்ளையின் அருகே எப்படி அமர்வது என்பது தேர்வில் வரவில்லை.

2017 ஆம் ஆண்டில் நாடெங்கும் இடைநிலைப்பள்ளி மாணவரிடையே நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வில், 39.7 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் குறிகளும், 18.3 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் குறிகளும் காணப்பட்டன. ஐவரில் இருவர் நோயாளர் என்று இதற்குப் பொருளன்று. மாணவரே நிரப்பிய வினாத்தாளின் அடிப்படையில் எடுத்த கணக்கு இது. மருத்துவர் ஆய்ந்து கூறிய முடிவன்று. எனினும் இதனைக் கேட்டபின், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனவுறுதி இல்லை” என்று பெற்றோர் கூட்டத்தில் பேசுவோர் சற்றுத் தயங்குவது நல்லது. அக்காலத்துப் பிள்ளைகளை எவரும் கேட்டதில்லை. ஆகவே கணக்கும் இல்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் தனியொரு முடிச்சு உண்டு. 1816 ஆம் ஆண்டில் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ்க்கல்வி, இன்று இம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகளாக நிற்கிறது. ஆறாண்டு தமிழில் எண்ணி, தமிழில் எழுதிய பிள்ளை, பதின்மூன்றாம் வயதில் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. மொழித்தேர்ச்சி போதாதார்க்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்கிச் செல்லும் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. உடன் பயின்றோர் ஒரு வகுப்பு மேலே இருக்க, தான் பின்தங்கிய நாணம் அவ்வோராண்டிலும் உடன்வரும். உடல் மாறும் பருவமும் அதுவே. பள்ளி மாற்றம், மொழி மாற்றம், உடல் மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் ஒரு சிறுமியின் மேல் விழுகின்றன. பாடம் கற்க மலாய்மொழி போதும்; அதனை அவள் கற்றே தீர வேண்டும். துயரத்தைச் சொல்ல அது போதுமா என்பது வேறு வினா.

கவுன்சலிங் என்பதற்குத் தமிழறிஞர் 'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல்லைத் தேர்ந்தனர். பரிசில் பெற்று மீளும் பாணன், வழியில் எதிர்ப்படும் வறிய பாணனுக்குத் தான் சென்ற வழியைக் காட்டுவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாடல்கள் இவ்வகையின. இதில் கவனிக்கத்தக்கது, வழிகாட்டுபவன் மேலிருந்து ஆணையிடும் அரசன் அல்லன். நேற்றுவரை அதே பசியில் நடந்தவன். அவ்விருவரும் ஒரே மொழியில் பேசினர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இக்கருத்து வெறும் இலக்கிய நயமன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் உள. பாகிஸ்தானின் சிற்றூர்களில், மகப்பேற்றுக் காலத்தில் மனச்சோர்வுற்ற தாய்மார்க்கு அவ்வூர்ப் பெண் சுகாதாரப் பணியாளரே வீடுதேடிச் சென்று பெக்கின் வழியிலான மருத்துவத்தை வழங்கினர். பலரின் சோர்வு தணிந்ததை 2008 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில், டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர், மருத்துவகங்களின் வெளியே மரப்பலகை இருக்கைகளை இட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை அமர வைத்தார். அம்மக்கள் தம் துயரை 'மிகுதியாக எண்ணுதல்' என்று பொருள்படும் தம் சொல்லாலேயே குறிப்பர். பாட்டியரும் மேலைநாட்டு நோய்ப்பெயரை விடுத்து அச்சொல்லையே ஆண்டனர். 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், அப்பலகையில் அமர்ந்து பேசியோர் வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட நன்கு தேறியிருந்தனர். நம்மிடையே ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எத்தனை பேர் உளர்! முறையான பயிற்சியும் மேற்பார்வையும் அளித்தால் பினாங்கின் பள்ளிகள் தோறும் அத்தகைய ஓர் இருக்கை அமைவது அரிதன்று. பயிற்சியின்றி அமர்த்துவது மட்டும் ஆகாது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அவசர அறிவுரை, துயருற்றவரின் வாயை அடைத்துவிடும்.

தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய தண்டனைச் சட்டப் பிரிவு 2023 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. காவலருக்கு அஞ்சி மறைக்க வேண்டிய நிலை நீங்கிற்று. அயலாருக்கு அஞ்சி மறைக்கும் நிலை நீங்க நெடுநாள் ஆகும். “வெளியே தெரிந்தால் நாளை யார் பெண் எடுப்பார்கள்?” என்று கேட்கும் தாயிடம் சட்டப்பிரிவைக் காட்டிப் பயனில்லை.

இதனிடையே நம் பெண்கள் தம் துயரைச் சொல்லாமலும் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தலை கனக்கிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தமிழ் அறிந்த செவி இவற்றில் அச்சத்தையும் அவமானத்தையும் வீட்டில் நடந்த சண்டையையும் பிரித்தறியும். படிவம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, இதையே தனக்குத் தெரிந்த மலாயில் 'சாக்கிட் டாடா' என்கிறது. நெஞ்சு வலி என்று பதிந்துகொண்டு, மாத்திரை வாங்கிவர அதனை மருந்தகத்துக்கு அனுப்புகின்றனர்.